புழு தின்னவில்லை, கூடு கருத்துவிட்டது: வண்ணத்துப்பூச்சி வளர்ப்பில் என்ன கோளாறு, என்ன தீர்வு

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழு, எருக்கில் கறுப்பு மஞ்சள் வரி போட்ட புழு, நந்தியாவட்டையில் விரல் தடிமனுக்குப் பச்சைப்புழு. தமிழ்நாட்டு வீடுகளில் வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் தொடங்குகிறார்கள். வளர்ப்பது கடினமில்லை. பயமுறுத்தும் அறிகுறிகளில் பாதி நோயே இல்லை, வளர்ச்சியின் ஒரு கட்டம். அதைத் தெரியாமல் புழுவை இழுத்துப் பார்த்து, தண்ணீர் தெளித்து, இடம் மாற்றிக் கொன்றுவிடுகிறோம். ஆகவே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் "இது இயல்பா" என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஒப்பிட ஒரு கணக்கு: சமவெளி வெயில் காலத்தில், கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் வரும் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு முட்டை 3 முதல் 4 நாள், புழுப்பருவம் ஏறத்தாழ இரண்டு வாரம், கூட்டுப்புழு 8 முதல் 10 நாள். குளிரில் எல்லாமே நீளும்.

இது என்ன புழு என்றே தெரியவில்லை

புழுவின் நிறத்தைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். வயதுக்கு வயது அது மாறும். எந்தச் செடியில் தின்றுகொண்டிருந்தது என்பதுதான் முதல் தடயம். செடி பெயர் தெரியாவிட்டால் ஒரு கிளையோடு எடுத்து வாருங்கள். தரையில் ஊர்ந்து போனதை எடுத்தால் இந்தத் தடயம் கிடைக்காது. அது கூடு கட்ட இடம் தேடுவதாகவே பெரும்பாலும் இருக்கும், தீனி தேவைப்படாது.

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றில் எச்சம் போன்ற புழு என்றால் எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி. ஆங்கிலப் பெயரில் சொன்னால் லைம், காமன் மார்மன். இரண்டும் கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு பச்சையாகிவிடும். மென்மையாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு நீட்டி, புளித்த வாடை விடும். கொம்பு ஆரஞ்சுச் சாயலில் இருந்தால் எலுமிச்சை அழகி, அடர்சிவப்பு என்றால் கறிவேப்பிலை அழகி. இந்தச் சோதனையை ஒருமுறை செய்தால் போதும். அடிக்கடி சீண்டினால் புழு சக்தியை வீணாக்கும்.

எருக்கில் இருப்பதற்கு உடம்பில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகள் இருந்தால் வெந்தய வரியன். அரளியிலோ ஆலங்குடும்ப மரங்களிலோ நான்கு ஜோடி இழை இருந்தால் வெண்புள்ளிக் கருப்பன். இழையை எண்ணுவது நிறம் பார்ப்பதைவிட நம்பகமானது. அரளி, நந்தியாவட்டையில் வால் பக்கம் ஒரு குட்டைக் கொம்பும், முன்பக்கம் நீலக் கண் போன்ற இரண்டு புள்ளியும் இருந்தால் அது வண்ணத்துப்பூச்சி அல்ல, அரளி அந்துப்பூச்சி. அது மண்ணருகே கூடு கட்டும். அதனால் ஏற்பாடே வேறு.

ஆமணக்கில் குழப்பம் அதிகம். முள் முள்ளாக இருக்கும் பச்சைப்புழு காமன் காஸ்டர் என்ற வண்ணத்துப்பூச்சி. முள் இருந்தாலும் குத்தாது. வழவழப்பாக, உடம்பை வளைத்து வளைத்து நடப்பது ஆமணக்குக் காவடிப்புழு என்னும் அந்துப்பூச்சி.

வயிற்றுப் பகுதியில் போலிக்கால்களை, அதாவது சதைப்பற்றான தடித்த கால்களை எண்ணிப் பாருங்கள். பின்நுனி ஜோடியையும் சேர்த்து ஐந்து ஜோடிக்கு மேல் இருந்தால் அது வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ அல்ல, ரம்பக்குளவியின் புழு.

அடர்ந்த மயிர் உள்ள எதையும் கையால் தொடாதீர்கள். முருங்கைக் கம்பளிப்பூச்சி, தென்னையிலும் மாவிலும் வரும் நத்தைப்புழு போன்றவற்றின் மயிரோ முள்ளோ தோலில் தைத்தால் எரியும், தடிக்கும். தைத்துவிட்டால் தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி உரித்து எடுத்துவிட்டு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். எருக்கம்பாலும் கண்ணுக்கு ஆபத்து. எருக்கு, அரளி இலை பறித்த கையைக் கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது.

காப்புக்காடு, சரணாலயத்திலிருந்து எடுக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. வீட்டுச் செடியில் வருவதே போதும்.

முட்டை பொரியவில்லை

எலுமிச்சை அழகியின் முட்டை வெளிர்மஞ்சள் உருண்டை, துளிரில் ஒவ்வொன்றாக இருக்கும். பொரிப்பதற்கு முந்தின நாள் மங்கி, உள்ளே கறுத்த தலை தெரியும். அது நல்ல அறிகுறி. முழுதும் கரிக்கறுப்பாகி இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால் உள்ளே முட்டைக்குளவி வளர்கிறது. குழிந்து சுருங்கினால் காய்ந்துவிட்டது அல்லது கருவுறாதது. முட்டையைச் சுரண்டி எடுக்காமல் இலைத்துண்டோடு வெட்டி, மூடியுள்ள சிறு டப்பாவில் வையுங்கள். பொரித்த குஞ்சு முதலில் தன் ஓட்டைத் தின்னும். அந்த நேரத்தில் அதை இடம் மாற்றக் கூடாது.

தின்னாமல் அசையாமல் கிடக்கிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. முதல் காரணம் தோலுரிப்பு. புழு இலையிலோ டப்பா சுவரிலோ மெல்லிய பட்டு மெத்தை போட்டுக் காலை ஊன்றிக்கொண்டு ஏறத்தாழ ஒரு நாள் அசையாது. உற்றுப் பார்த்தால் பழைய தலைக்குப் பின்னால் கழுத்து வீங்கினாற்போல் புதுத் தலை தெரியும். இந்த நிலையில் பிடுங்கி எடுத்தால் பட்டுப்பிடி போய்விடும். பிடி இல்லாமல் தோலை உரித்து வெளியே வர முடியாது, பாதி உரிந்த தோலில் இறுகிச் சாகும். இலையை மாற்ற வேண்டுமானால் புழு உட்கார்ந்த துண்டை மட்டும் கத்தரித்துப் புது இலை மேல் வைத்துவிடுங்கள். தானாக இறங்கிக்கொள்ளும். உரித்த தோலை அது தின்பதும் இயல்பு.

கழுத்து வீங்கவில்லை, இரண்டாம் நாளும் தின்னவில்லை என்றால் இலையைப் பாருங்கள். பொரித்த குஞ்சால் முற்றிய கறிவேப்பிலையைக் கடிக்க முடியாது, துளிர் வேண்டும். மாறாக, பெரிய புழுவுக்கு வெறும் துளிராகக் கொடுத்தால் தண்ணீராகக் கழியும். பறித்து வைத்த இலை மதியத்துக்குள் சுருண்டுவிடும். அதனால் கிளையாக வெட்டிச் சிறு மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்கக் கூடாது. அடைக்காவிட்டால் தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். இது தவறாமல் நடக்கும்.

எலுமிச்சையில் பாதி வளர்ந்ததைக் கறிவேப்பிலைக்கு மாற்றினாலும் பல புழுக்கள் மறுக்கும். எந்தச் செடியில் தொடங்கினதோ அதிலேயே முடியுங்கள்.

இலை தீர்ந்துவிடுவது இன்னொரு சிக்கல். தன் வாழ்நாள் தீனியில் பெரும்பகுதியைப் புழு கடைசிப் பருவத்தின் சில நாட்களில்தான் தின்கிறது. முதல் வாரத்தில் இரண்டு இலை போதுமாக இருந்ததை வைத்துக் கணக்குப் போட்டு, பத்துப் புழு எடுத்துக்கொண்டு, ஒரே தொட்டிச்செடியை மொட்டையடித்து நிற்பவர்கள் நிறையப் பேர். ஒரு தொட்டிச்செடிக்கு இரண்டு, மூன்று புழு என்பது என் அளவு.

பச்சையாக வாந்தி எடுத்துத் துடிக்கிறது

பூச்சிமருந்து. வேறு எதையும் முதலில் சந்தேகிக்காதீர்கள். கடையில் வாங்கிய கறிவேப்பிலை, மருந்தடித்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கழுவினாலும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் செடிக்குள் ஊடுருவிய மருந்து போகாது. நாற்றங்காலில் வாங்கும் தொட்டிச்செடியிலும் இதே ஆபத்து. இரண்டு மாதம் மருந்தின்றி வளர்த்து, பழைய இலைகளைக் கழித்துவிட்டு, புதுத்துளிரில் ஒரே ஒரு புழுவை ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றை விடுங்கள்.

செடி சுத்தமாக இருந்தும் ஒரே இரவில் எல்லாம் சுருண்டால் அறையைப் பாருங்கள். கொசுவத்தி, சுவரில் செருகும் கொசு மருந்து, கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸ், நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கை: இவையெல்லாம் பூச்சியைக் கொல்லவே செய்தவை, புழுவும் பூச்சிதான். வளர்ப்புப் பெட்டி இருக்கும் அறையில் கொசு மருந்தே வேண்டாம்.

வேப்பெண்ணெய் இயற்கையானது, ஒன்றும் ஆகாது என்பது தவறு. அது உடனே கொல்லாது, தோலுரிப்பைக் கெடுக்கும். நன்றாகத் தின்றுகொண்டிருந்த புழு பழைய தோல் பாதி கழன்ற நிலையில் செத்துக் கிடந்தால், அந்தச் செடிக்கு யாராவது வேப்பெண்ணெய் தெளித்தார்களா என்று விசாரியுங்கள்.

மருந்து பட்டதற்கு மாற்று இல்லை. உயிரோடு இருப்பதைச் சுத்தமான டப்பாவில், நிச்சயமான இலையோடு தனியே வைத்துப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

எச்சம் தண்ணீராகப் போகிறது

நலமான புழுவின் எச்சம் மிளகு போல உருண்டு, டிஷ்யூ தாளில் ஒட்டாமல் உருள வேண்டும். ஈரமாக, குழைந்து இருந்தால் முதலில் டப்பாவைப் பாருங்கள். காற்றுப் போகாத மூடியில் நீர்த்துளி கோத்திருக்கிறதா? இலையைக் கழுவிய ஈரத்தோடு வைத்தீர்களா? மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணியை ரப்பர் பாண்டால் கட்டுங்கள். அடியில் டிஷ்யூ தாள் போட்டுத் தினமும் ஒருமுறை மாற்றுங்கள். இலையைத் துடைத்து உலர்த்தியே கொடுங்கள். புழுவுக்கு இலையிலிருக்கும் நீரே போதும், மேலே தெளிக்கத் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கு. முழு வளர்ச்சி அடைந்த புழு, ஒரே ஒரு முறை, பெரிய ஈரக் கழிவைப் போட்டுவிட்டுத் தின்பதை நிறுத்தி அலைய ஆரம்பித்தால் அது குடலைக் காலி செய்கிறது. கூடு கட்டப் போகிறது என்று அர்த்தம்.

தலைகீழாகத் தொங்குகிறது

இங்கேதான் கண் கூர்மை வேண்டும். வெந்தய வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் கூடாக மாறுவதற்கு முன் பின்நுனியால் தொங்கி, தலைப் பக்கம் கொக்கி போல் வளைந்து ஏறத்தாழ ஒரு நாள் இருக்கும். உடம்பு இறுக்கமாக, நிறம் மாறாமல் இருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

நடுவயிற்றுக் கால்களால் மட்டும் பற்றிக்கொண்டு, தலையும் வாலும் இரு பக்கமும் தொய்ந்து, உடம்பு கருத்து, தொட்டால் தோல் கிழிந்து நாற்றமுள்ள நீர் ஒழுகினால் அது வைரஸ் நோய். சாகும் முன் இத்தகைய புழு உயரமான இடத்துக்கு ஏறுவதும் உண்டு. மேலே இறந்து ஒழுகும் நீர் கீழ் இலைகளில் படிந்து மற்ற புழுக்களுக்குப் பரவும். இறந்ததை டிஷ்யூவோடு எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அதே டப்பாவில் இருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தனித்தனி டப்பாவில் பிரித்து வையுங்கள். மிச்சமிருக்கும் இலையை மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது. பாத்திரங்களைச் சோப்பில் கழுவியபின், ஒரு பங்கு வீட்டு ப்ளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து 20 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காய வையுங்கள். வெயில் வெறும் உலர்த்தலுக்கு மட்டுமல்ல, இந்த வைரஸை வெயிலின் புற ஊதாக் கதிரும் செயலிழக்கச் செய்யும். ஒழுகிய நீரை வெறும் துணியால் துடைத்துவிட்டு அடுத்த தொகுதியை அதே டப்பாவில் வளர்த்தால் நோய் மறுபடி வரும்.

நெருக்கம்தான் இதை வளர்க்கும். ஒரு லிட்டர் டப்பாவுக்குப் பெரிய புழு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

உடம்பின் மேல் அரிசி மணி போல வெள்ளையாக

அவை முட்டை அல்ல. புழுவுக்குள் வளர்ந்த சிறு குளவியின் குஞ்சுகள் வெளியே வந்து கட்டிய கூடுகள். புழு உயிரோடு இருந்தாலும் இனித் தேறாது. புழுவோ கூடோ இறந்து, அதிலிருந்து தடித்த வெள்ளைப்புழு வெளியேறி, பழுப்பு நிறக் குளிகை போல டப்பா அடியில் கிடந்தால் அது ஒட்டுண்ணி ஈ. கூட்டின் ஓரத்தில் குண்டூசித் துளை, உள்ளே காலி என்றால் கூட்டைத் தாக்கும் பொடிக்குளவி. அது கூடு புதிதாக, தோல் மெத்தென்று இருக்கும்போதுதான் முட்டையிடுகிறது. ஆகவே கூடு கட்டும் அந்த ஒன்றிரண்டு நாளில் வலை மூடி கட்டாயம்.

வெளியே பெரிய புழுவாகப் பார்த்து எடுத்தால் இந்த ஏமாற்றம் அடிக்கடி நேரும், ஏற்கெனவே முட்டை ஏறியிருக்கும். முட்டையாகவோ ஓரிரு நாள் குஞ்சாகவோ எடுத்தால் குறையும். வெளிவந்த குளவிகளை நசுக்காமல் தோட்டத்தில் விடுங்கள். விவசாயிக்குக் கூலி வாங்காமல் வேலை செய்பவை அவை.

எறும்பு வேறு கதை. பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், அல்லது வாசலின் தடவுங்கள். ஆனால் இலந்தையிலோ பயறுச்செடியிலோ நத்தை போல் தட்டையான சின்னஞ்சிறு புழுவைச் சுற்றி எறும்புகள் அமைதியாக நின்றால் விரட்ட வேண்டாம். நீலன்கள் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பத்துப் புழு பல இனங்களில் எறும்புக்கு இனிப்பு நீர் கொடுத்துக் காவல் பெறுகிறது. இந்தக் குடும்பப் புழுக்கள் ஒன்றையொன்று தின்னவும் கூடும், தனித்தனியே வையுங்கள்.

இரவெல்லாம் அலைகிறது, கூடு கட்டவில்லை

இடம் பிடிக்கவில்லை. எலுமிச்சை அழகிக்குச் சாய்த்து வைத்த குச்சி வேண்டும். தொங்கும் இனங்களுக்கு மேலே சொரசொரப்பான வலை வேண்டும். வழுக்கும் கண்ணாடி மூடியில் பட்டுப்பிடி நிற்காது. அரளி அந்துப்பூச்சிப் புழு பச்சையிலிருந்து மங்கிய பழுப்பாக மாறிக் கீழே இறங்கி ஓடும். பலர் அழுகுகிறது என்று எறிந்துவிடுகிறார்கள். அதற்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் தேங்காய் நார்த்தூளும் தோட்டமண்ணும் கலந்து போட்டு, மேலே காய்ந்த இலையைப் பரப்புங்கள். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. உள்ளே போனபின் பத்து நாளைக்குக் கிளறிப் பார்க்காதீர்கள்.

கூடு கழன்று விழுந்தது

பெரும்பாலும் காப்பாற்றலாம். முதல் நாள் கூடு மெத்தென்று இருக்கும், தொடவே வேண்டாம். ஓடு இறுகியபின் எடுங்கள். இடைக்கச்சைப் பட்டு (கூட்டை இடுப்பில் சுற்றிக் குச்சியோடு பிடிக்கும் பட்டு இழை) அறுந்த எலுமிச்சை அழகிக் கூட்டைத் தாளில் செய்த கூம்புக்குள் வால் கீழாக, தலை வெளியே தெரியும்படி நிறுத்தி, கூம்பை வலைச்சுவரில் ஒட்டுங்கள். தொங்கும் கூட்டுக்கு வால்நுனியில் பட்டு மிச்சம் இருந்தால் அதில் நூலைக் கட்டித் தொங்கவிடலாம். பட்டே இல்லையென்றால் வலைச்சுவரை ஒட்டிச் சொரசொரப்பான துணி மேல் படுக்க வையுங்கள். வெளிவந்ததும் சுவரில் ஏறிக்கொள்ளும்.

ஒரே தொகுதியில் ஒரு கூடு பச்சை, இன்னொன்று பழுப்பு என்றால் எதுவும் தவறில்லை. கூடு கட்டிய இடத்தின் வழவழப்பு, நிறம் போன்றவற்றைப் பொறுத்து அழகிகளின் கூடு நிறம் மாறும்.

கூடு கருத்துவிட்டது, அல்லது நாள் கடந்தும் வரவில்லை

எட்டாம் நாளுக்குப் பிறகு கருத்து, ஓட்டின் வழியே இறகின் புள்ளியும் கோடும் தெரிந்தால் நாளைக் காலையில் வரும். வெள்ளி போல் பளபளத்த வெண்புள்ளிக் கருப்பன் கூடு மங்கி இருண்டாலும் அதுவே. மூன்றாம் நாளே கருத்து, வயிற்று வளையங்கள் இழுபட்டு நீண்டு, நாற்றம் அடித்தால் இறந்தது. எடை குறைந்து, கையில் எடுத்தால் வெறும் ஓடு போல் இருந்தாலும் அப்படியே.

இந்த எதுவும் இல்லாமல் நிறம் மாறாதிருந்தால் பொறுங்கள். மலைப்பகுதிக் குளிரில் வாரக்கணக்கில் தள்ளிப்போகலாம். நிலக்கடலைக் காட்டில் எடுத்த சிவப்புக் கம்பளிப்பூச்சி மண்ணுக்குள் கூடாகி, அடுத்த மழைப் பருவம் வரை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அது அதன் இயல்பு, தோண்டி எறிய வேண்டாம்.

இறகு விரியவில்லை

வெளிவந்த பூச்சி உடனே ஏறித் தொங்கி, வயிற்றிலிருக்கும் நீரை இறகு நரம்புகளுக்குள் செலுத்த வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் இறகு விரிந்துவிடும், இறுகப் பல மணி நேரம் ஆகும். தொங்கிய கூட்டின் கீழ் குறைந்தது 10 சென்டிமீட்டர் காலியிடமும், ஏறுவதற்குச் சொரசொரப்பான சுவரும் இருந்தால் இந்தக் கோளாறில் பெரும்பகுதி வராது. விழுந்து கிடப்பதைப் பார்த்த நிமிடமே ஒரு குச்சியைக் காலருகே நீட்டி ஏற்றித் தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் செய்தால் பயனில்லை. இறகைக் கையால் பிரித்துவிடக் கூடாது.

அடியில் சிவப்பாகவோ பழுப்பாகவோ சொட்டியிருந்தால் ரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. முதல் சில மணி நேரம் உணவு தேவைப்படாது. இறகு இறுகியதும் வெயில் ஏறிய காலையில் விடுங்கள். அந்துப்பூச்சியை அந்தி சாய்ந்தபின். மழை நாளில் வைத்திருக்க நேர்ந்தால் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சர்க்கரை கலந்து பஞ்சில் நனைத்து வையுங்கள்.

கறிவேப்பிலையில் வளர்த்தவற்றில் இரண்டு விதப் பூச்சிகள் வந்தன

புழு மாறிப்போகவில்லை. கறிவேப்பிலை அழகியின் ஆண்கள் கறுப்பில் வெள்ளைப் பட்டையுடன் ஒரே மாதிரி இருக்கும். பெண்ணில் ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு வகை காமன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவும், மற்றொன்று கிரிம்சன் ரோஸைப் போலவும் சிவப்புப் புள்ளி தரித்து வரும். அந்த இரண்டு ரோஸ்களும் ஆடுதின்னாப்பாளைக் குடும்பச் செடியைத் தின்று நஞ்சேறியவை, பறவைகள் ஒதுக்கும். நஞ்சில்லாத கறிவேப்பிலைப் பெண் அந்த உடையைக் கடன் வாங்கிக்கொள்கிறது. பிரித்தறிய இறகைப் பார்க்காமல் உடம்பைப் பாருங்கள்: ரோஸுக்கு வயிறு சிவப்பு, கறிவேப்பிலை அழகிக்குக் கறுப்பு.